இடது முன்சில்லு

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் காருக்குக் கீழே படுக்க நினைப்பவன் முதலில் மணலோடு பேசி முடிக்க வேண்டும். ஜக்கை வைத்தால் கார் எழும்பாது, ஜக்தான் இறங்கும். பஸ்ரியன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். படகைக் கரையேற்றும்போது அடியில் போடுகிற பனங்குற்றிகளில் நான்கை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் அடுக்கினான். அதன்மேல் பழைய கதவுப் பலகையைப் போட்டு, பலகைமேல் ஜக்கை வைத்து, முன்சில்லுகள் இரண்டும் அந்தரத்தில் தொங்கும்படி காரைத் தூக்கி நிறுத்தினான். கடலில் இருபத்திரண்டு வருடம் கிடந்தவனுக்குக் கரையில் நிற்கிற எதுவும் படகுதான்.

பழைய ஜப்பான் கார். இலக்கத் தகட்டில் பதினாறு சிறி. என்ன நிறம் என்று யாராவது கேட்டால் "உப்பு நிறம்" என்பான். படகை விற்று வாங்கி நாலு வருடமாக ஹயருக்கு ஓட்டுகிறான். அதன் முன்பக்கத்து அடியில், சில்லைத் தாங்குகிற இரும்புக் கைகள் காரின் உடம்போடு சேருகிற இடத்தில், நாலு புஷ் இருக்கும். இறப்பர் உருளைகள். அவை கிழிந்து, குழிக்குக் குழி இரும்போடு இரும்பு அடித்து 'டொக் டொக்' என்று கத்தின. மனைவி மதலேனாவின் தம்பி அருட்பிரகாசம் சொல்வான், அத்தானின் கார் தீவைக் கரையோடு சேர்க்கிற தாம்போதிப் பாலத்தில் ஏறினால் தாழ்வுபாட்டில் நாய்கள் எழும்பும் என்று.

நாய் எழும்பினால் எழும்பட்டும். பஸ்ரியனின் கவலை பின்சீற்றில் இருந்தது. மதலேனாவுக்கு மார்பில் வந்த நோய் இப்போது இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் வீடு மாறியிருந்தது. ஆறு கிழமைக்கு ஒருமுறை கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முந்நூறு கிலோமீற்றர், முந்நூறாயிரம் குழி. பின்சீற்றில் தலையணைகளை அடுக்கி, இடதுபக்கக் கதவோடு சாய்ந்து அவள் போவாள். நோகுதா என்று அவன் கேட்பான். இல்லை என்பாள். அவளுடைய "இல்லை"யை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் அவனுக்குப் பிடிபடவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை எலும்புக்கு மின்சாரம் பிடிக்க, அதாவது கதிர்ச் சிகிச்சைக்கு, திகதி கொடுத்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்து. இரண்டு மாதம் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் இரண்டாம்முறை சொல்லவில்லை.

புஷ் மாற்றப் போகிறேன் என்று அவன் சொன்னபோது மதலேனா ஒரு விசயம் சொன்னாள்.

"அதை மாத்தாதேங்கோ. அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு."

"உமக்குச் சத்தம் வேணுமெண்டால் நான் இருக்கிறன்தானே," என்றான் பஸ்ரியன். "கோயில் பாட்டுக்குழுவிலை இருந்து கலைச்ச குரல் இன்னும் பத்திரமாக் கிடக்கு."

அவள் சிரிக்கவில்லை. பகிடி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் மன்னாருக்குப் போய்ப் புதுப் புஷ் நாலும் வாங்கினான்.

வழியில் எருக்கலம்பிட்டிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் சாஹுல் ஹமீட் நானா கண்டுவிட்டார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல உடுத்த துணியோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கடல்காரன் காரில் கைவைப்பதும் கார்க்காரன் கடலில் கைவைப்பதும் ஒன்றுதான், வியாழக்கிழமை கொண்டுவா, சீமெந்துத் தரையில் வைத்துப் பூட்டித் தருகிறேன் என்றார். நடுக்கடலில் அலைக்குள் இன்ஜினைக் கழற்றிப் பூட்டினவனுக்கு இது ஒரு வேலையா என்று பஸ்ரியன் சொல்லிவிட்டு வந்தான். அவன் வாய்க்கு எப்போதும் அவனைவிட ஒரு முழம் நீளம் அதிகம்.

புதன்கிழமை முழுக்க வேலை. பழைய புஷ் வர மறுத்தது. தண்ணீர்க் குழாய்த் துண்டு, நீள போல்ட், பெரிய சுத்தியல், கொஞ்சம் மாதா, கொஞ்சம் தூசணம் எல்லாம் சேர்ந்து பின்னேரம் நாலு மணிக்கு நாலும் வெளியே வந்தன. தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்று முற்றத்து மணலை அள்ளிக் கிறீசுக்குள் போட்டபடி இருந்தது. புதுசை ஏற்றி, சில்லுகள் தொங்கியபடியே, நரம்பு புடைக்க எல்லா போல்ட்டையும் இறுக்கினான்.

பிறகுதான் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தான்.

அந்தக் கரையில் அவுட்போட் இன்ஜின் பூட்டுகிற எவனும் இன்ஜினுக்கும் படகின் பின்பலகைக்கும் நடுவில் ஒரு துண்டு இறப்பர் வைக்காமல் பூட்டமாட்டான். வைத்தால் இன்ஜினின் உதறல் படகுக்குள் வராது. வைக்காவிட்டால் பலகை பிளக்கும், ஆளின் பல்லும் கழலும். பஸ்ரியன் பழைய லொறி ரியூப்பில் வட்டமாக ஒரு துண்டு வெட்டினான். ஆணிகளுக்கு நாலு துளை போட்டான். சில்லு போய் உட்காருகிற இரும்பு முகத்தில் கிறீஸ் பூசி அதை ஒட்டி, அதன்மேல் சில்லைப் பூட்டினான். ஒட்டுப்போடாத ரியூப் ஒரு சில்லுக்குத்தான் கிடைத்தது. இடது முன்சில்லுக்குப் போட்டான். மதலேனா சாய்கிற பக்கம் அது. றோட்டில் இருந்து ஏறுகிற உதறல் அந்த இறப்பரைத் தாண்டித்தான் அவளுடைய எலும்புக்குப் போகவேண்டும். எந்தக் கராஜ்காரனுக்கும் தோன்றாதது தனக்குத் தோன்றியதே என்று சில்லை ஒருமுறை தடவிக்கொடுத்தான்.

வியாழன் காலை தலைமன்னார் வீதியில் ஓட்டிப் பார்த்தான். 'டொக் டொக்' இல்லை. காருக்குள் கோயில் மாதிரி அமைதி. வேகம் அறுபதைத் தொட்டது. ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. முதலில் விரலில் சின்னக் கிறுகிறுப்பு. பிறகு, பெரிய பாரை தூண்டிலை விழுங்கிவிட்டுத் தலையை உதறினால் நூல் கையில் எப்படி உதறுமோ, அப்படி. வேகத்தைக் குறைத்தால் அடங்கியது. கூட்டினால் மீன் மறுபடி விழுந்தது.

அன்று பின்னேரத்துக்குள் தாழ்வுபாட்டில் கடலுக்குப் போகாத எல்லோரும் ஸ்டியரிங் வைத்தியர் ஆகியிருந்தார்கள். ரயரில் காற்றுக் கூட என்று ஒருவர் சொல்ல, குறைவு என்றார் அடுத்தவர். அருட்பிரகாசம் முற்றத்தில் குந்தியிருந்து கருவாட்டுத் துண்டைச் சப்பியபடி, ரிம் நெளிந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். பஸ்ரியன் இடது சில்லை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினான். கிறீசில் ஒட்டிக்கொண்ட இறப்பர் அசையாமல் தன் இடத்திலேயே இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் நடுவாக்கி, அன்பாக அழுத்திவிட்டு மற்றச் சில்லைப் பூட்டினான். நடுக்கமும் தன் இடத்திலேயே இருந்தது.

"அப்ப சில்லிலை பிழையில்லை மச்சான்," என்றான் பஸ்ரியன்.

"அப்ப ஓட்டுறவரிலைதான் அத்தான்," என்றான் அருட்பிரகாசம்.

வெள்ளிக்கிழமை புஷ்களை மறுபடி கழற்றிப் பூட்டினான். ஸ்டியரிங் முட்டிகளை ஆட்டிப் பார்த்தான். எல்லாம் இறுக்கம். கழற்றுகிற ஒவ்வொரு முறையும் இடது சில்லின் நட்டுகள் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தன. சோளகம் நட்டையும் கழற்றுது என்று தனக்குத்தானே பகிடி விட்டு இன்னும் பலமாக இறுக்கினான். அந்தப் பகிடியை விட்டிராவிட்டால் அதைப்பற்றி யோசித்திருப்பான். அவனுடைய வாழ்க்கையில் பகிடி மறைத்த காரியங்கள் பல.

வெள்ளியன்று அறுபதில் நடுங்கிய கார், சனியன்று நாற்பதிலேயே நடுங்கியது.

சனிக்கிழமை கொழும்புக்குப் போக வாடகை வான் தேடி அலைந்தான். மடு மாதா கோயில் திருநாளுக்கு இன்னும் நாலு நாள். திருநாள் கிழமையில் மன்னார்த் தீவில் தள்ளுவண்டி கூட ஓய்வாக இருக்காது. பள்ளிமுனையில் ஒரு வான்காரன் இரண்டு கையையும் விரித்தான். பேசாலையில் இன்னொருவன், மாதாவுக்கு நேர்ந்த ஓட்டம், விடமுடியாது அண்ணை என்று தலை குனிந்தான். பஸ்ரியனுக்கு அவனில் கோபம் வரவில்லை. மாதாவிடம் போகிற வானைத் திருப்பித் தரச்சொல்லி மாதாவிடமே எப்படி மன்றாடுவது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. ரயில் பாதை அப்போது இன்னும் போட்டு முடியவில்லை. முன்பொருமுறை அவளைப் பஸ்சில் கொண்டுபோனான். முருங்கன் தாண்டுவதற்குள் மதலேனா கம்பியைப் பிடித்தபடி வெள்ளைத் துணியாகப் போனாள். அங்கேயே இறக்கித் திரும்பக் கொண்டுவந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து அவன் வந்ததும், மதலேனா தானே எழும்பி வந்து காருக்குள் ஏறினாள்.

"எடுங்கோ பாப்பம். எவ்வளவு நடுங்குதெண்டு நான் பாக்கிறன்."

அவன் வேண்டாம் என்றான். அவள் தலையணையை முதுகுக்குச் சரிசெய்துகொண்டிருந்தாள். மன்னார்ப் பக்கமாக எடுத்தான். முப்பதில் தொடங்கியது. ஸ்டியரிங், டாஷ்போட், கதவுக் கண்ணாடி, தொங்கவிட்டிருந்த செபமாலை எல்லாம் ஒன்றுசேர்ந்து கலகலத்தன. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது. செபம் சொல்கிறாள் என்று நினைத்தான்.

"எப்பிடி?"

"நல்லாத்தானே ஓடுது."

அவன் உடை மர நிழலில் ஓரங்கட்டினான். இறங்கிப் போய் இடது சில்லுக்கு ஒரு உதை விட்டான். செருப்பு அறுந்தது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவளுடைய கதவடியில் மணலில் குந்தினான். ஏதாவது பகிடி சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். வாய்க்குள் ஒன்றும் இல்லை. முப்பது வருடத்தில் அது முதல்தடவை.

"எனக்கு ஏலாமல் கிடக்கு மதலேனா. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

அவள் கொஞ்சநேரம் அவனுடைய தலைமயிரில் இருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"ஹமீட் நானாட்டைப் போங்கோவன்."

"அந்தாள் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமன். நான் செத்தால் ஊரே நிண்டு அழும். இப்ப ஒராள் சிரிக்கிறதாலை உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

திங்கட்கிழமை விடியற்காலை நட்டுகளை இன்னொரு முறை இறுக்கினான். மாற்றுடுப்பு, கிளினிக் கொப்பி, போத்தல் தண்ணீர், அவளுக்குக் குழையல் சோறு, தனக்கு மீன்பொரியலும் பாணும் எல்லாவற்றையும் ஏற்றினான். ஹமீட் நானா சரிசெய்தால் அப்படியே கொழும்புக்கு. வத்தளையில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா பிரான்சிஸ்கா வீட்டில் இரவு படுத்து, விடிய ஆஸ்பத்திரி. சரிசெய்யாவிட்டால் என்ன என்பதற்கு அவனிடம் திட்டம் இல்லை. இருபது கிலோமீற்றர் வேகத்தில், சைக்கிள்காரர் எல்லோரும் முந்திப்போக, கராஜுக்குக் கார் ஊர்ந்தது.

அந்த வருடம் நோன்பும் மடுத் திருநாளும் ஒரே மாதத்தில் வந்திருந்தன. ஹமீட் நானா வறண்ட உதட்டோடு கராஜ் வாசலில் நின்றார். காரையும், அது வந்த விதத்தையும், பின்சீற்றில் இருந்தவளையும் பார்த்தார். தயாராக வைத்திருந்த ஏதோ ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார் போலிருந்தது. மதலேனாவை இறங்கவேண்டாம் என்றார். தானே ஏறிப் பத்து மீற்றர் முன்னுக்கும் பத்து மீற்றர் பின்னுக்கும் எடுத்தார். இறங்கி, வலது முன்சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. இடது முன்சில்லை ஆட்டினார். 'கிளுக்' என்றது.

"நட்டு லூசு."

"இண்டைக்கு விடியத்தான் இறுக்கினனான் நானா."

ஹமீட் நானா அவனை ஒரு பார்வை பார்த்தார். பலகையில்லாமல், குற்றியில்லாமல், சீமெந்துத் தரையில் ஜக்கை வைத்து நாலு தரம் மிதித்தார். கார் பெட்டிப்பாம்பாக எழும்பியது. நட்டுகளைக் கழற்றிச் சில்லை இழுத்தார். கறுப்பாக ஒரு வட்டம் வெளியே தெரிந்தது. நாலு நாள் நசிந்ததில் ஒருபக்கம் தோசை மாதிரி மெலிந்து, மறுபக்கம் தடித்துக் கிடந்தது.

"இது என்ன?"

"இறப்பர்."

"இறப்பர்னு எனக்கும் தெரியுது. இது ஏன் இங்க இருக்கு?"

பஸ்ரியன் அறுந்து கட்டிய செருப்பைப் பார்த்தான். அவுட்போட் இன்ஜினுக்கு வைப்பதைப்பற்றி இழுத்து இழுத்துச் சொன்னான். உதறல் படகுக்குள் வராது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அவவுக்கு இடுப்பெலும்பு நானா. றோட்டு உதறல் ஏறக்கூடாது எண்டுதான்..."

சிரிப்பு வரும் என்று அவன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றான். ஹமீட் நானா சிரிக்கவில்லை. ஸ்குறூடிறைவரை எடுத்து, புண்ணில் ஒட்டிய துணியை எடுப்பதுபோல, ஓரம் ஓரமாக இறப்பரை உரித்தார். பெற்றோல் நனைத்த சீலையால் இரும்பு முகத்தைத் துடைத்தார். சில்லின் உட்பக்கத்து உப்புத் துருவையும் கம்பித் தூரிகையால் தேய்த்தார். தேய்த்தபடிதான் பேசினார்.

"புஷ்ல இறப்பர் இருக்கலாம். அது அதுக்குன்னு செஞ்ச இடம். இந்த எடத்தில இரும்பு இரும்போட ஒட்டி உக்காரணும் தம்பி. நடுவில மெத்தை போட்டா சில்லு கோணலா நிக்கும், ஓட ஓட மெத்தை நசியும், நட்டு கழலும். நீ இறுக்க இறுக்க அது இன்னும் நசியும்." சீலையை உதறினார். "மதவாச்சி போக முந்தி சில்லு உன்ன முந்திக்கிட்டுப் போயிருக்கும்."

பஸ்ரியன் உரித்துப் போட்ட இறப்பரைக் கையில் எடுத்தான். கார் எண்பதில் போக, இடது முன்சில்லு மட்டும் தனியாக வேலிக்குள் ஓடுவது தெரிந்தது. அந்தப் பக்கத்தில், தலையணைக்குள், அவள். அவளுக்கென்று பார்த்துப் பார்த்து வெட்டி, நடுவாக்கி, ஒவ்வொரு முறையும் அழுத்தி வைத்தது.

ஹமீட் நானா சில்லைப் பூட்டிக் காரைத் தரைக்கு இறக்கினார். பிறகு அவனைப் பார்க்காமலே கேட்டார்.

"புஷ் போல்ட்டும் அந்தரத்தில தொங்கவெச்சுத்தான் இறுக்கியிருப்பாய்."

"ஓம்."

"காரை அதுட பாரத்தில நிக்கவெச்சு இறுக்கணும். இல்லாட்டி புஷ் முறுகிக்கிட்டே கிடக்கும், ஆறு மாசத்தில கிழியும். படகுன்னு நெனச்சியா?"

"ஓம் நானா."

ஒவ்வொன்றாகத் தளர்த்தி மறுபடி இறுக்கி முடிய ஒரு மணித்தியாலம் ஆனது. நாக்கை நனைக்காத மனிதரின் கழுத்தில் வேர்வை வழிந்தது. காசுக்குப் பையில் கைவிட்டவனைக் கையைக் காட்டி நிறுத்தினார். பின்கதவுக்குப் போய்க் குனிந்து, நோன்பு திறக்கும்போது துஆக் கேட்கிறேன், பயப்படாமல் போய்வாங்க தங்கச்சி என்றார்.

கார் தாம்போதியில் ஏறியது. வலதுபக்கக் கடலில் இருந்து சோளகம் காரைத் தள்ளியது. ஐம்பது. அறுபது. பஸ்ரியன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். எழுபது. ஸ்டியரிங் கையில் தூங்குகிற பிள்ளை மாதிரிக் கிடந்தது. எண்பது. ஒரு விரலால் பிடித்துப் பார்த்தான். நடுக்கம் இல்லை, 'டொக் டொக்' இல்லை, கலகலப்பு இல்லை. மன்னாரில் அவன் ஓட்டிய எந்த வாகனமும் இவ்வளவு அமைதியாக ஓடியதில்லை. பின்னால் திரும்பிப் பெருமையடிக்க வாயெடுத்தான்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

மெல்லியது. பாலத்தில் பொருத்து வருகிற இடங்களில் மட்டும் வந்தது. நாலு நாளாகக் காரின் ஒவ்வொரு முனகலுக்கும் காது கொடுத்துப் பழகியவன், இதையும் அப்படியே தேடினான். புஷ் இல்லை, புஷ் முன்னால். பிறேக் இல்லை, பிறேக்கில் கால் வைக்கவில்லை. சில்லு பொருத்தில் ஏறி இறங்கி, அரைக்கணம் கழித்து வருகிறது. பின்பக்கம். இடதுபக்கம். தலையணைக்குள் இருந்து.

கண்ணாடியில் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதே உதடுதான் அசைந்தது. அது செபம் இல்லை.

எத்தனை தரம் இந்த றோட்டால் போயிருக்கிறார்கள். அத்தனை தரமும், 'டொக்' என்று கார் கத்துகிற கணத்துக்காகக் காத்திருந்து, அந்தக் கத்தலுக்குக் கீழே தன்னுடைய முனகலை வைத்திருக்கிறாள். அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு என்றாளே. நாலு புஷ் வாங்கி வந்து, அவளுக்கு இருந்த ஒரே மறைப்பையும் அவன் கழற்றி எறிந்திருந்தான்.

காரின் அமைதி அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அடுத்த பொருத்தில் சத்தம் வரவில்லை. சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்திருந்தாள்.

பஸ்ரியன் றோட்டைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். பாடத் தொடங்கினான். மடுமாதாவின் பாட்டு ஒன்று. சொல் பாதிதான் தெரியும், இராகம் அதுவும் தெரியாது. பாட்டுக்குழுவில் இருந்து அவனைக் கலைத்த சுவாமியார் கேட்டிருந்தால் எவ்வளவு சரியான முடிவு எடுத்தேன் என்று மகிழ்ந்திருப்பார்.

"என்னப்பா இது," என்றாள் மதலேனா, வாயிலிருந்து தலைப்பை எடுத்து.

"வானெல்லாம் மடுவுக்குப் போகுது. நாங்கள் பாட்டையெண்டாலும் அனுப்புவமெண்டு."

"மாதா பாவம்."

"அவ பொறுப்பா. உம்மையும் என்னையும் பொறுத்தவதானே."

அவன் மறுபடி எடுத்தான், இன்னும் பலமாக. தெரியாத சொல் வந்த இடங்களில் றோட்டோரத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்து ஊர்ப்பெயரைப் போட்டுப் பாடினான். திருக்கேதீச்சரச் சந்தியும் உயிலங்குளமும் மாதாவின் பட்டங்களில் சேர்ந்தன. முருங்கனுக்குக் கிட்ட றோட்டு கிழிந்து கிடந்தது. ஒவ்வொரு குழியும் தூரத்திலேயே அவன் கண்ணில் பட்டது. குழி வருகிற இடத்தில் வேகத்தைக் குறைத்துக் குரலைக் கூட்டினான். பாட்டுக்கு அடியில், முதலில் தயங்கி, பிறகு தாராளமாக, அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அவன் அதைக் கேட்காத மாதிரிப் பாடினான். கேட்காத மாதிரிப் பாடுவது, நடுக்கடலில் இன்ஜின் கழற்றிப் பூட்டுவதைவிடக் கடினமாக இருந்தது.

கொடி கட்டிய வான்கள் ஒலிபெருக்கியோடு அவனை முந்திப் போயின. மடுச் சந்தியில் அவை எல்லாம் இடப்பக்கம் திரும்பின. வீதி வெறிச்சென்று கிடந்தது. பஸ்ரியனின் குரல் அப்போதே அடைத்துவிட்டது. மதவாச்சிக்கு இன்னும் எவ்வளவோ தூரம், அதற்குப் பிறகு கொழும்பு. போத்தலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, முதலில் இருந்து தொடங்கினான்.